கோடு போட்டு வெட்டிய பெயர்

ரொறொன்ரோவிலிருந்து தங்கை மகளின் கலியாணத்துக்குப் பாரீஸ் வந்திருந்த செபஸ்தியாம்பிள்ளை, ரூ காய் என்ற தெருவில் இருந்த அந்தத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் பின்கதவால் சமையலறைக்குள் வந்தபோது, கௌரி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். 2013ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசி. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் சப்பாத்தை வாசலில் தட்டிவிட்டு, குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, என்னைத் தெரியுதே? பிரகாசத்தோடை ஒண்டாப் படிச்சனான். செபஸ்தி.”

“ஓம் அண்ணை. எங்கடை கலியாணப் படத்திலை நிக்கிறியள். இருங்கோ, தேத்தண்ணி தரச் சொல்லுறன்.”

“தேத்தண்ணி கிடக்கட்டும். உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“என்னத்தை?”

“பிரகாசம் மோசம் போயிட்டான். அமெரிக்காவிலை. இப்ப நாலு வருசத்துக்கு மேலை.”

கௌரியின் கை நிற்கவில்லை. பிழிந்திருந்த தட்டிலேயே திரும்பவும் ஒரு சுற்றுப் பிழிந்துவிட்டாள். பக்கத்தில் வெங்காயம் வெட்டிய பெண் அதைப் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாக இழுத்து வைத்தாள்.

“என்ன வருத்தம்?” என்று கௌரி கேட்டாள்.

“நெஞ்சுக்குத்து. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன அண்டே முடிஞ்சுதாம்.”

“ஆர் செத்தவீடு செய்தது?”

செபஸ்தியாம்பிள்ளை குடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒரு மனிசி இருந்தவவாம். எங்கடை ஆள் இல்லை. அவதான் எல்லாம் பாத்தவவாம்.”

கௌரியின் கணவர் அருட்பிரகாசம் 1997 சித்திரையில் அமெரிக்காவுக்குப் போனவர். மகள் சாம்பவிக்கு அப்போது மூன்று வயது. ஆறு மாதத்தில் உங்களையும் கூப்பிடுவேன் என்று சொல்லி, ஒரு ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டார். இரண்டு வருடம் கடிதமும் தொலைபேசியும் வந்தன. 1999 மார்கழிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மார்க்ஸ் டோர்மோயில் ஐந்தாம் மாடி அறையில் இன்னும் இரண்டு வருடம் இருந்துவிட்டு, புறநகரான லா கூர்னேவில் அரச வாடகை வீடு கிடைத்ததும் கௌரி மகளோடு அங்கே போனாள். புது விலாசத்தை எழுதி அனுப்ப, அவர் அப்போது இருந்த விலாசம் அவளிடம் இல்லை. விசாரிப்பவர்களுக்கு “அவர் அமெரிக்காவிலை” என்று சொல்வாள். காகிதங்களில் ‘திருமணமானவர்’ என்ற கட்டத்தில் புள்ளடி போடுவாள். பதினாலு வருடமும் அப்படித்தான்.

அன்று பின்னேரம் வீட்டில் மகளிடம் சொன்னாள். சாம்பவி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் படித்துக்கொண்டிருந்தாள். தாய் தமிழில் கேட்பாள், மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள்.

“எனக்கு அவர் எப்போதோ இல்லாமல் போய்விட்டார்,” என்றாள் சாம்பவி. “இதில் புதிதாக என்ன இருக்கிறது?”

“ஒரு மனிசி இருந்தவவாம்.”

“இருக்கட்டும். விடு, அம்மா.”

“செத்தவர் எண்டு எங்கையோ எழுதி வைச்சிருப்பினம்தானே? ஆரிண்டை புருசன் எண்டு எழுதினவை? அதை நான் பாக்கவேணும்.”

சாம்பவி கணினியை மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

கடையில் மூன்று மணிக்கு ஒரு ஓய்வு வரும். மத்தியானச் சாப்பாட்டுக்காரர் போய்விடுவார்கள், இரவுக்காரர் வர நேரமிருக்கும். அந்த நேரத்துக்குத்தான் முசியே லூசியன் வருவார். புதுச்சேரிக்காரர். புறநகர் நீதிமன்றம் ஒன்றின் பதிவகத்தில் முப்பது வருடம் கோப்புக் கட்டுகளோடு கிடந்து ஓய்வு பெற்றவர். ஒரு வடை, ஒரு தேநீர், அரை மணி நேரம். கௌரி ஏப்ரனோடு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. விஷயத்தைக் கேட்டதும் அவர் வடையைத் தள்ளி வைத்தார்.

“மரண சான்றிதழ் ஒரே ஒரு தாள்தாம்மா. யாரோ வாயால சொன்னத அதுல எழுதியிருப்பான். நீங்க தேடறது அதுல கெடைக்காது. அந்த ஊர்ல ஒரு ஆள் பழைய காரு ஒண்ண விட்டுட்டுச் செத்தாக்கூட கோர்ட்டுக்குப் போவணும். இங்க பத்திரம் எழுதற நொத்தேர் பாக்கற வேலைய அங்க கோர்ட்டே பாக்குது. யார் யார் சொந்தம், எங்க இருக்காங்க, எல்லாம் கேட்டு சத்தியம் வாங்கி ஒரு ஃபைல் கட்டி வெச்சிருப்பான்.”

“அதை எங்களுக்குக் காட்டுவினமோ?”

“காட்டறதென்ன, நகலே தருவான். யார் வேணா கேக்கலாம். ஆனா சிக்கல் வேற எடத்துல இருக்கு. நாடு முழுக்க ஒரே ஆபீஸ் கெடையாது. கவுன்ட்டி கவுன்ட்டியா தனித்தனிக் கோர்ட்டு. இங்க தெபார்த்மான்னு சொல்ற மாவட்டம் மாதிரி. எந்தக் கவுன்ட்டின்னு தெரியணும்.”

செபஸ்தியாம்பிள்ளை சொன்னது ஒஹையோ மாநிலத்தில் அவரைக் கொண்டுபோன ஆசுப்பத்திரி இருந்த நகரத்தின் பெயர். லூசியன் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, சாம்பவி முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் அடித்தாள். மார்கழி நடுவில் பதில் வந்தது. ஒரே தாள். அந்தப் பெயரில் எங்களிடம் கோப்பு எதுவும் இல்லை.

கௌரி அந்தத் தாளை இரண்டு நாள் ஏப்ரன் பையில் வைத்திருந்துவிட்டு லூசியனிடம் கொடுத்தாள்.

“கோப்பு இல்லையெண்டா, ஆள் சாகேல்லை எண்டும் இருக்கலாமோ முசியே?”

லூசியன் தாளை இன்னொரு தரம் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இல்லம்மா. தப்பு நம்மளது. நான்தான் யோசிக்காம விட்டுட்டேன். நீங்க நாளைக்கு லாரிபொய்ஸியேர் ஆஸ்பத்திரில படுத்தா அது பாரீஸ். ஆனா உங்க வீடு தொண்ணூத்தி மூணாம் நம்பர் தெபார்த்மான்ல. கோர்ட்டுக்குச் செத்த எடம் முக்கியமில்ல. குடியிருந்த எடந்தான் வேணும். அவர் எங்க குடியிருந்தார்?”

செபஸ்தியாம்பிள்ளை அங்கே இங்கே விசாரித்து ஒரு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். அருட்பிரகாசம் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் குழாய், மின்சாரம், கதவு எல்லாம் திருத்துகிற வேலை செய்தாராம். மோட்டலும் அவர் குடியிருந்த வீடும் பக்கத்து வெல்டன் கவுன்ட்டியில்.

தைப்பொங்கலுக்கு முந்தின ஞாயிறு இரவு, சாம்பவி தானாகவே கணினியை எடுத்துக்கொண்டு குசினி மேசைக்கு வந்தாள். அந்த நீதிமன்றத்தின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இருந்தது. கடைசிப் பெயரை அடித்தால் வழக்கு எண் வரும். அவள் தன் பெயருக்குப் பின்னால் பிரான்சில் எழுதுகிற பெயரை, தகப்பனின் பெயரை, அடித்தாள். இல்லை. எழுத்தை மாற்றி மாற்றி அடித்தாள். இல்லை.

“இல்லை அம்மா. இங்கேயும் இல்லை.”

கௌரி அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். “நீ உன்ரை பாஸ்போட்டுப் பேரிலை தேடுறாய். அது இஞ்சை வந்து மாறினது. அவற்றை பாஸ்போட்டிலை அருட்பிரகாசம் அவற்றை பேர். கடைசிப் பேர் எண்டு கிடந்தது தேப்பன்ரை பேர். இளையதம்பி எண்டு தேடு.”

“அதை எப்படி எழுதுவது?”

“எனக்கென்னெண்டு தெரியும்? எழுதினவன் எப்பிடி எழுதினானோ.”

நாலாவது தரம் வேறு எழுத்தில் தொடங்கி அடித்தபோது ஒரே ஒரு வரி வந்தது. பெயர், வழக்கு எண், 2009 பங்குனியில் திறக்கப்பட்டது, முடிக்கப்பட்டது. சாம்பவி கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“இருக்கிறார்,” என்றாள்.

கௌரி ஈரக் கையோடு வந்து குனிந்து பார்த்தாள். மாமனாரின் பெயரை அவ்வளவு கோணலாக எழுதி அவள் பார்த்ததில்லை.

மனுவை லூசியன் கடையில் வைத்தே எழுதுவித்தார். “முக்கியமானது மட்டும்னு கேட்டா முக்கியம் எதுன்னு அவன் முடிவு பண்ணுவான். முதல் தாள்லேர்ந்து கடைசித் தாள் வரைக்கும்னு எழுது. திரும்பி வந்த உறை இருந்தா அதையும்னு எழுது.” வெளிநாட்டுக் காசோலையை நீதிமன்றம் ஏற்காது என்றதால் நகல் கட்டணத்தைச் செபஸ்தியாம்பிள்ளை ரொறொன்ரோவிலிருந்து அனுப்பினார்.

மாசி நடுவில் தடித்த உறை வந்தது. கௌரி அதைப் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுவந்து மா வாளிகளுக்கு மேலே உயரத் தட்டில் வைத்தாள். மூன்று மணிக்குச் சாம்பவி வகுப்பிலிருந்து வந்தாள். லூசியன் ஏற்கனவே ஜன்னலோர மேசையில் இருந்தார். முதலாளி எண்ணெய்ப் பிசுக்குப் பட்டுவிடும் என்று மேசையை இரண்டு தரம் துடைத்துக் கொடுத்தார்.

முப்பத்தொரு பக்கம். சாம்பவி ஆங்கிலத்தை வாசித்துப் பிரெஞ்சில் சொன்னாள். விளங்காத இடத்தில் லூசியன் தமிழில் சொன்னார்.

நாலாவது பக்கத்தில் இறந்தவரின் உரித்தாளிகளின், அதாவது வாரிசுகளின், பட்டியல். முதல் வரியில் தட்டச்சில் அடித்திருந்தது: மனைவி, ஜெனவியேவ். அதற்குப் பின்னால் ஒரு குடும்பப் பெயர். அந்த வரி முழுவதையும் பேனாக் கோடு ஒன்று வெட்டியிருந்தது. கோட்டின் நுனியில் இரண்டு எழுத்துச் சிறுகையொப்பமும் திகதியும். கீழே சாய்வான கையெழுத்தில் வேறு இரண்டு வரி.

சாம்பவி அந்த இரண்டு வரியையும் சத்தமில்லாமல் வாசித்தாள்.

“என்ன போட்டிருக்கு? வாசி பிள்ளை.”

“மனைவி, கௌரி, பாரீஸ். மகள், சாம்பவி, பதினெட்டு வயது ஆகாதவர்.”

“ஆர் எழுதினது?”

அடுத்த பக்கங்களில் இருந்தது. நீதிமன்றம் கேட்டதையும் ஜெனவியேவ் சொன்னதையும் பதிந்து வைத்திருந்தார்கள். சாம்பவி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

நீங்கள் இறந்தவரின் மனைவியா?

இல்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அவருக்குப் பாரீசில் மனைவி இருக்கிறார். பெயர் கௌரி. ஒரு மகளும் இருக்கிறாள்.

மனுவில் உங்களை மனைவி என்று எழுதியிருக்கிறதே?

வக்கீல் எழுதிக்கொண்டு வந்தார். ஒரே விலாசம் என்பதால் அப்படி நினைத்துவிட்டார். நான் இப்போதுதான் வாசிக்கிறேன்.

நீங்கள் மனைவி இல்லையென்றால் அவர் விட்டுப்போன எதிலும் உங்களுக்கு உரிமை இல்லை. விளங்குகிறதா?

விளங்குகிறது. பேனாவைத் தாருங்கள்.

லூசியன் அந்தத் தாளை வாங்கி, வெட்டிய கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முப்பது வருஷத்துல பேர் சேக்கறதுக்கு வந்து நின்னவங்க எத்தினியோ பேரப் பாத்திருக்கேன். தன் பேரத் தானே வெட்டினவங்கள நான் பாத்ததில்ல,” என்றார். பிறகு தேநீரைக் குடித்தார்.

உறையும் இருந்தது. நீதிமன்றம் கௌரிக்கு அனுப்பிய அறிவித்தல், மார்க்ஸ் டோர்மோய் ஐந்தாம் மாடி விலாசத்துக்கு. இந்த முகவரியில் வசிப்பதில்லை என்ற பிரெஞ்சுத் தபால் முத்திரையோடு திரும்பிப் போயிருந்தது. அந்தக் கட்டிடம் கடையிலிருந்து பத்து நிமிட நடை. அதற்கு அடுத்த தாள் ஒரு பத்திரிகைத் துண்டின் நகல். இருக்குமிடம் தெரியாத கௌரி என்பவர் நீதிமன்றத்தின் முன் வரும்படி, வெல்டன் கவுன்ட்டிப் பத்திரிகையில் மூன்று கிழமை தொடர்ந்து போட்டிருந்தார்கள். 2009 சித்திரை.

“அந்த மாசம் நாங்கள் எல்லாரும் றோட்டிலைதானே நிண்டனாங்கள்,” என்றாள் கௌரி. வன்னியிலிருந்து ஒவ்வொரு நாளும் சாவுச் செய்தி வந்துகொண்டிருந்த மாதம் அது. கடையைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊர்வலத்தில் நின்றார்கள்.

கடைசித் தாள்களில் அவர் விட்டுப்போன பொருட்களின் விபரம். ஒரு பழைய கார், கருவிப் பெட்டி, இரண்டு குளிர்ச்சட்டை, ஒரு குக்கர், ஒரு பை நிறையப் படங்கள். அதன் கீழே தனியாக ஒரு வரி. சாம்பவி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“அஸ்தி. நெருங்கிய உறவினர் வந்து சொல்லும்வரை அந்த அம்மாவின் பொறுப்பில்.”

“இப்பவுமோ?”

“வேறு தாள் எதுவும் இல்லை.”

கௌரி எழும்பினாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவருக்கு விலாசம் தெரிஞ்சிருக்கு. கதவு நம்பர் வரைக்கும் சரியாச் சொல்லியிருக்கிறார். ஆறு வருசம் அவவுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு கடுதாசி போடேல்லை.” குரல் உயரவில்லை. உள்ளே போய்ப் புட்டுக்கு மா வறுக்கத் தொடங்கினாள். அன்றும் அடுத்த நாளும் மூன்று மணி ஓய்வுக்குக்கூட வெளியே வரவில்லை. மா கருகவும் இல்லை.

மூன்றாம் நாள் ஓய்வு நேரத்தில் தானே தொலைபேசியை எடுத்தாள். கோப்பில் ஜெனவியேவின் இலக்கம் இருந்தது. ஆங்கிலம் தேவைப்படுமென்று சாம்பவியைப் பக்கத்தில் இருத்தியிருந்தாள். தேவைப்படவில்லை. ஜெனவியேவ் பிரெஞ்சு பேசுகிற ஹைட்டித் தீவுக்காரி. கௌரியின் பிரெஞ்சு சமையலறையில் படித்தது, மற்றவளுடையது தீவிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன.

“நான் கௌரி. பாரீசிலிருந்து.”

அங்கே ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி நின்றது. பிறகு, “கடிதம் கிடைத்ததா?” என்று கேட்டாள் ஜெனவியேவ்.

“இல்லை. வீடு மாறிவிட்டேன். கோர்ட்டுக் காகிதம் இப்போதுதான் எடுப்பித்தேன்.”

“உங்கள் மகள்?”

“பக்கத்தில் இருக்கிறாள். படிக்கிறாள்.”

“அந்தப் பையில் அவளுடைய குழந்தைப் படங்கள் இருக்கின்றன. பதினொன்று.”

கௌரி கேட்க வைத்திருந்ததைக் கேட்டாள். “ஏன் எழுதவில்லை? உங்களுக்குச் சொன்னாரா?”

“நானும் கேட்டேன். முதலில் விசா வரட்டும் என்பார். விசா வரவேயில்லை. பிறகு கேட்டால் எழும்பிப் போய்க் காரைக் கழுவுவார். பனிக் காலத்திலும் கழுவுவார். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, மதாம். தெரிந்தால் சொல்வேன்.”

கௌரி காரைக் கழுவுகிற மனிதரை நினைத்துப் பார்த்தாள். பாரீசில் அவரிடம் சைக்கிள்கூட இருக்கவில்லை.

“நீங்கள் ஏன் பேரை வெட்டினீர்கள்?”

“சத்தியம் செய்யச் சொன்னார்களே,” என்றாள் ஜெனவியேவ், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. “மதாம், அவர் என் அலுமாரிக்கு மேலே இருக்கிறார். ஐந்து வருடமாகத் தூசி தட்டுகிறேன். எனக்கு முடிவெடுக்க உரிமை இல்லை என்றார்கள். கோடையில் நான் வீடு மாறுகிறேன். அனுப்பட்டுமா?”

கௌரி மகளைப் பார்த்தாள். சாம்பவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கே ஆறு இருக்கிறதா?”

“இருக்கிறது. மோட்டலுக்குப் பின்னால். உறைந்து கிடக்கிறது. இப்படிக் குளிர் நான் கண்டதில்லை.”

“உருகட்டும்,” என்றாள் கௌரி. “உருகினதும் நீங்களே விடுங்கள். படங்களை மட்டும் அனுப்புங்கள்.”

லூசியன் அனுமதிக் கடிதம் எழுதினார். அஸ்தியை அந்த ஊர் ஆற்றில் கரைக்க ஜெனவியேவுக்கு மனைவியின் சம்மதம் என்று. கௌரி கையெழுத்து வைத்தாள். மகளுடையது தேவையோ என்று லூசியன் யோசித்துக்கொண்டிருக்க, சாம்பவி பேனாவை எடுத்துத் தாயின் கையெழுத்துக்குக் கீழே வைத்தாள்.

பங்குனிக் கடைசி ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ காயில் நடக்க இடமிருக்காது. புறநகர்ச் சனமெல்லாம் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி மரக்கறியும் மீனும் வாங்க வந்துவிடும். கடையில் மூன்று மணிக்கும் ஓய்வில்லை. முதலாளி சாமான் அறையைத் திறந்துவிட்டார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் தாயும் மகளும் இருந்தார்கள். கௌரி விடியவே முழுகி, ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாள். தொலைபேசியைச் சாம்பவி உள்ளங்கையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

அங்கே காலை. முதலில் காற்றுத்தான் கேட்டது. பிறகு சேற்றில் நடக்கும் சப்பாத்து.

“தண்ணீர் ஓடுகிறது,” என்றாள் ஜெனவியேவ். “ஓரத்தில் கொஞ்சம் ஐஸ். நான் என்ன சொல்ல வேண்டும்?”

“அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.”

அவள் சொன்னாள். பிரகாஸ் என்றுதான் அவள் கூப்பிட்டிருக்கிறாள். மூடி திருகும் சத்தம், பிறகு தண்ணீர், பிறகு அவள் அழும் சத்தம். கடைப் பக்கம் யாரோ இரண்டு கொத்துரொட்டி என்று கத்தினார்கள். கௌரி அழவில்லை. மற்றவளின் அழுகை முடியும்வரை பொறுத்திருந்தாள்.

“முடிந்தது,” என்றாள் ஜெனவியேவ். மூக்கை உறிஞ்சினாள். “பத்து நிமிடத்தில் பஸ் வரும். வேலைக்குப் போக வேண்டும்.”

“இன்றைக்கு வேலைக்குப் போகக்கூடாது. வீட்டுக்குப் போங்கள். தலையில் தண்ணீர் வார்த்து முழுகுங்கள். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.”

“அப்படி யார் செய்வது?”

கௌரிக்கு அதற்கான பிரெஞ்சுச் சொல் தெரியவில்லை. “உரித்துக்காரர் எண்டதுக்கு என்னெண்டு சொல்லுறது?” என்று மகளிடம் தமிழில் கேட்டாள். சாம்பவி கோப்பில் இருந்த சட்டச் சொல்லைச் சொன்னாள். கௌரி தலையை ஆட்டினாள், அது இல்லை என்று.

“குடும்பம்,” என்றாள் தொலைபேசியில், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். “குடும்பத்து ஆட்கள் செய்வது.”

அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு பார ஊர்தி போகும் சத்தம் வந்து தேய்ந்தது.

“சுடுதண்ணீரா, பச்சைத்தண்ணீரா?” என்று ஜெனவியேவ் கேட்டாள்.

“அங்கே குளிர்தானே,” என்றாள் கௌரி. “சுடுதண்ணீர் பரவாயில்லை.”